தட்டு

திரியெஸ்தே நகரில், துறைமுகத்துக்குப் பின்னால்,
நான்காவது மாடி. லிஃப்ட் இல்லை.
ஓஹாயோவிலிருந்து வந்த மாணவர்கள் ஏழு பேர்,
பேராசிரியர்கள் இரண்டு பேர்,
குளியலறை ஒன்று.

கதவில் ஒட்டிய பட்டியலில்
ஆறு நாற்பது, ருடாக். ஆறு ஐம்பது, நான்.
நிகழ்தகவு சொல்லித்தரும் மனிதரின்
ஈரக் காலடி மேல் கால் வைத்துத்தான்
என் ஒவ்வொரு நாளும் விடிகிறது.

ஹீட்டர் குழாயில் அவர் காலுறையும் என் காலுறையும்
பக்கத்தில் பக்கத்தில் காய்கின்றன.
எல்லைகளின் வரலாறு எடுக்கும் பிராண்ட்வோல்ட் அம்மையார்
அடுத்தவர் பாலைக் குடித்துவிட்டுக்
காலி டப்பாவைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைப்பார்.
ஃப்ரிட்ஜுக்குள் எல்லை ஏது என்று ஒகேச்சி கேட்டான்.
அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டார்.

வகுப்பறை என்பது சாப்பாட்டு மேஜைதான்.
விடைத்தாளைத் திருப்பினால் பின்பக்கம் ஜாம்.
ஒரு திங்கட்கிழமை நான்கு மணிக்கு
நூற்றுக்கு நாற்பத்தொன்று என்று எழுதி
ருடாக் என் பக்கம் தள்ளினார்.
எட்டு மணிக்கு, முறைப்படி,
நான் கழுவிய தட்டுகளை வாங்கித் துடைத்தார்.
இருவரும் பேசவில்லை.
ஒரு தட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்:
"ஓரத்தில் இன்னும் இருக்கிறது."
முட்டைக்கரு. உண்மைதான்.

என் கட்டிலுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே
சுவர் இருப்பதாக வீட்டுக்கார நெவியா சொல்கிறார்.
பெயின்ட் அடித்த பலகை.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்,
இதற்குத் தொண்டையும் உண்டு.

இரவு பதினொன்றுக்கு அவர் ஒத்திகை பார்ப்பார்.
இருபத்தாறு வருஷம் பாடம் எடுத்தவர்,
நாளைய வகுப்பு முழுவதையும், தாழ்ந்த குரலில்:
இரண்டு குடை, மூன்று பேர், மழைக்கு முப்பது சதவீதம்.
பிறகு ஒரு வேடிக்கை.
பிறகு ஓர் இடைவெளி,
நாங்கள் சிரிப்பதற்காக விட்டுவைக்கும் இடம்.
அதை இருட்டில் எண்ணிப் பார்ப்பார்:
ஒன்று, இரண்டு.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் குடைக் கதை வந்தது.
பாதிகூட வரவில்லை,
நான் சிரித்துவிட்டேன்.
மேஜையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
பிறகு சுவரைப் பார்த்தார்.
காது மடல் சிவந்தது.
கதையை முடிக்காமலே அடுத்த கணக்குக்குப் போனார்.

மூன்று இரவு சுவர் ஊமை.
மூன்று நாளும் பாடம்
பத்திரம் வாசிப்பது போல் நடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது,
பலகைக்கு இரண்டு பக்கம்.
"எல்லாம் நல்லா போகுதும்மா, தொண்ணூறு வாங்கினேன்"
என்று நான் ஃபோனில் சொன்னதை
நாற்பத்தொன்று போட்டவர்
படுத்தபடி கேட்டிருப்பார்.
கேட்டும், மறுநாள் தட்டு துடைக்கையில்
அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெள்ளி இரவு போரா காற்று இறங்கியது,
மலையிலிருந்து கடலுக்கு, யாரையோ துரத்திக்கொண்டு.
கீழே ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.
கரண்ட் போனது.
நெவியா மெழுகுவத்தியோடு வந்து
"மூன்று நாளில் நின்றுவிடும்" என்றார்.
"இல்லாவிட்டால் ஐந்து. இல்லாவிட்டால் ஏழு."

இருட்டில் படுத்திருந்தேன்.
பலகைக்கு அப்பால் செருமும் சத்தம்.
பிறகு, ஒத்திகைக் குரலைவிட உரக்க,
காற்றுக்கு மேலே ஏறி:
"நிபந்தனை நிகழ்தகவு.
நாற்பத்தொன்று வாங்கியவர்கள் தடுக்கி விழுந்த இடம்."
கொஞ்சம் நிறுத்தி,
"புரியாவிட்டால் ஒரு தட்டு."

மழை பெய்த நாட்களை மட்டும் வைத்துக்கொள்.
மற்ற நாட்களைக் காலண்டரிலிருந்து கிழித்துப் போடு.
இப்போது எண்ணு,
மிச்சத்தில் எத்தனை நாள் கையில் குடை இருந்தது?

தட்டினேன்.
வேறு மாதிரி சொன்னார்.
தட்டினேன்.
இன்னும் வேறு மாதிரி, இந்த முறை
ஃப்ரிட்ஜையும் பால் டப்பாவையும் வைத்து.
மடக்கிய விரல் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டது.
அந்தப் பக்கம் காத்திருந்தார்.
ஒன்று, இரண்டு.

அவரது மற்ற சுவரிலிருந்து,
பிராண்ட்வோல்ட் அம்மையார் அறைப் பக்கமிருந்து,
ஒரு தட்டு.